மேடைக்கு முதுகு காட்டியவள்

மைதானத்தில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பார்த்த வேலையால் வந்த பெயர். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு வைத்து, பல்செட் கட்டிக் கொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. பட்டறையில் நாள் முழுக்க வாய் திறக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கேலரியில் உட்கார்ந்தாளானால் தொண்டை கட்டும்வரை கத்துவாள். கணவர் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அவருக்குப் பந்தும் பூசணிக்காயும் ஒன்றுதான். அவளை மைதானத்துக்கு இழுத்துப் போனது தம்பி. அவன் பெயின்ட் கடை வைத்திருந்தான். ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர் மன்றத்துக்குத் தலைவர், செயலாளர், பேனர் எழுதுபவர் எல்லாம் அவனே.

அவர்கள் அணி இரண்டாம் பிரிவிலேயே கிடந்து உழன்ற அணி. ஒரு வருஷம் எப்படியோ பிளே-ஆஃப் வரை வந்துவிட்டது. அந்த ஓர் ஆட்டத்தை ஜெயித்தால் முதல் பிரிவு. சொந்த மைதானம், நிரம்பிய கேலரி. ஆளுக்கு ஒரு கோல் என்று ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை, குருவி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பையன் தலையால் முட்டினான். பந்து மேல் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. கோல்கீப்பர் பாய்ந்து அதை வெளியே வாரிப் போட்டான்.

பல்லக்கா உட்கார்ந்திருந்தது கோல் கோட்டுக்கு நேராக. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தால் போதுமா. கோட்டோரம் நின்ற லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. ரெஃப்ரி ஒரு நொடி அவரைப் பார்த்தார், பிறகு ஈ ஓட்டுவதுபோல் கையை வீசி ஆடச் சொன்னார். கூடுதல் நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் யாரும் தொடாமலேயே குப்புற விழுந்து உருண்டான். அதற்குப் பெனால்டி கொடுத்தார். அதோடு கதை முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. ரெஃப்ரி விசிலைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, போலீஸ்காரர்கள் நடுவே தலைமுடியைச் சரிசெய்தபடி நடந்து போனார். தோற்றதைவிட அந்தத் தலைமுடியைச் சரிசெய்த கைதான் அவளை எரிய வைத்தது.

மன்றம் கால்பந்து சங்கத்துக்குப் புகார் அனுப்பியது. நடுவரின் முடிவே இறுதியானது என்று ஒரே வரியில் பதில் வந்தது. குருவிக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடைக்கவில்லை. கோல் அடிக்காத முன்கள ஆட்டக்காரன் வேண்டாம் என்று விட்டார்கள். அவன் வேறு ஊருக்குப் போய் வேன் ஓட்டுவதாகக் கேள்வி.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பெயின்ட் கடை மாடியில் கூடுவது வழக்கமாகிவிட்டது. தின்னர் வாடை மூக்கைத் துளைக்கும் அறை. காலி டிரம்களைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். தம்பி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர், மீசை என்று எல்லோரும் கூப்பிடும் வயரிங்காரர், இன்னும் நாலைந்து பேர். கலர் சாம்பிள் அடித்துப் பார்க்கும் சுவரில் வெள்ளையாக மிஞ்சிய இடத்தில் புரொஜெக்டர் வைத்து அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போடுவார்கள். பந்து கோட்டுக்கு உள்ளே விழும் இடம் வந்ததும் தம்பி நிறுத்துவான்.

"பாருங்க. நல்லா பாருங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்பான்.

"அந்தாளுக்குக் கண்ணு இல்ல," என்பார் தபால்காரர்.

"கண்ணு இருக்கு. வாங்கித் தின்ன வாய்தான் பெருசா இருக்கு," என்பார் மீசை.

பிறகு பெனால்டி. விழுந்தவன் எத்தனை முறை உருண்டான் என்பதில் சண்டை வரும். பல்லக்கா அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒரு வாரமும் தவறியதில்லை. வீட்டுக்கு வந்தால் தாடை வலிக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள் என்று கணவர் சொன்னபோது அவள் நம்பவில்லை. தன் வாய்க்குத் தானே அச்சு எடுத்துப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லெல்லாம் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு கவசம் செய்துகொண்டாள்.

"அந்த ரெஃப்ரி வாய்க்குப் போட வேண்டிய பூட்டை நீ போட்டுக்கிட்டுத் திரியுற," என்றார் கணவர்.

இப்படி மூன்று வருஷம் போனது. நாலாவது வருஷத் தொடக்கத்தில் கிளப் ஒரு விழா அறிவித்தது. பிளே-ஆஃப் வரை போன அணிக்குப் பாராட்டாம். அப்போதைய கேப்டன் வருகிறார். சிறப்பு விருந்தினர், அன்றைய ரெஃப்ரி. அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், மேடைகளில் நகைச்சுவையாகப் பேசுகிறவர் என்று பெயர் எடுத்திருந்தார்.

மாடி அறை கொதித்தது. "வெட்கம் மானம் இருக்கா இவங்களுக்கு?" என்றான் தம்பி. கடைசியில் அவனே ஒரு யோசனை சொன்னான். போவோம். கத்த வேண்டாம், எதையும் வீச வேண்டாம். அவர் மேடை ஏறியதும் எல்லோரும் எழுந்து திரும்பி நிற்போம். மொத்த மன்றமும் முதுகைக் காட்டட்டும். எல்லோருக்கும் பிடித்துப்போனது. பல்லக்காவுக்கு ரொம்பவே பிடித்துப்போனது. அன்றைக்குப் பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அணியின் பழைய நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனாள்.

மண்டப வாசலில் கிளப் செயலாளர் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டியில் எழுதியிருந்த மேடை விருந்தினர் பெயர்களைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"குருவி வரலையா சார்?"

"எந்தக் குருவி?"

"அன்னைக்குக் கோல் அடிச்ச பையன்."

"அது கோல் கணக்குலயே வரலையேம்மா," என்று சொல்லிச் செயலாளர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ரெஃப்ரி மேடை ஏறினார். முழங்கால் வலி போல, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினார். முன் வரிசையில் இருந்த பல்லக்கா எழுந்து திரும்பி நின்றாள். கூட்டத்தின் முகங்கள் எல்லாம் அவளுக்கு எதிரே இருந்தன. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை யாரும் திரும்பவில்லை. தம்பி உட்கார்ந்தபடியே இருந்தான். மீசை பாதி எழுந்தார், சுற்றிலும் பார்த்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தபால்காரர் குனிந்து செருப்பைத் தேடினார்.

பின்னாலிருந்து ரெஃப்ரியின் குரல் வந்தது. "இங்க உயிரோட வந்து நிக்கிறேன்ல, அதுவே எனக்குப் பெரிய கப்பு." சிரிப்பு. "எல்லாரும் கேக்குறீங்க. சரி, இன்னைக்குச் சொல்லிடுறேன். பந்து உள்ளதான் விழுந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். லைன்ஸ்மேன் கொடி தூக்கல. நான் மட்டும் எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும்? வீட்ல சாப்பாடு ஆறிப்போகுதுன்னு வேற ஞாபகம்."

மண்டபம் அதிர்ந்தது. அவள் எதிரே நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்து சிரித்தன. பல் பார்த்தே பிழைத்தவள் அத்தனை பல்லையும் ஒன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான். யாரோ "இதுக்கு ஒரு தைரியம் வேணும்பா" என்று கை தட்ட, கைதட்டல் வரிசை வரிசையாகப் பரவியது. தம்பி போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டே சிரித்தான். அக்கா தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் போனைக் கொஞ்சம் தாழ்த்தினான். சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.

பேச்சு முடியும்வரை அவள் திரும்பவே இல்லை. கால் கடுத்தது. பின் வரிசைக்காரர் ஒருவர், "மறைக்குதும்மா, உக்காருங்க" என்றார். பிறகு ரெஃப்ரியோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. பழைய கேப்டன் அவரைக் கட்டிப்பிடித்தார். வரிசையில் மீசை இருந்தார். மீசைக்கு முன்னால் தம்பி இருந்தான்.

அவள் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். தம்பி பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா, ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? மனுஷன் ஒத்துக்கிட்டாருல்ல?"

"என்னத்தை ஒத்துக்கிட்டாரு? தெரிஞ்சே செஞ்சேன்னாரு. நீ சிரிச்ச."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"திரும்பி நிக்கலாம்னு சொன்னது யாரு?"

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "எத்தனை வருஷம்தான் இதையே மென்னுட்டு இருக்கிறது?" என்றான்.

"வாரா வாரம் வாயில ஊட்டினவன் நீதானடா," என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ரெஃப்ரியோடு எடுத்த படத்தைத் தம்பி கடையில் மாட்டினான் என்று கேள்விப்பட்டாள். மாடி அறைக்குப் போவதை நிறுத்தினாள். ஆட்டம் பார்ப்பதையும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள், முடியவில்லை. சீசன் தொடங்கியதும் தனியாகப் போனாள். மன்றத்துக்காரர்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக எதிரணி ரசிகர்கள் உட்காரும் பக்கம் போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது ஆட்டமோ நாலாவதோ. அவளுடைய அணியின் முன்கள ஆட்டக்காரன் ஒருவன் எதிரணிக்காரனின் காலைத் தேடிப் போய்த் தன் காலைக் கொடுத்து விழுந்தான். ரெஃப்ரி புதியவர், இளைஞர். விசில் ஊதிப் பெனால்டி என்று காட்டினார். எதிர் கேலரியில் நீலச் சட்டைகள் எழுந்து ஆடின. தம்பி பேனரைச் சுழற்றுவது இங்கிருந்தே தெரிந்தது. விழுந்தவன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். கோல் விழுந்தது.

அவள் பக்கத்தில் இருந்தவர், சாந்து படிந்த கையோடு ஒரு கொத்தனார், வாய்க்கு வந்தபடி திட்டினார். பெண் பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள் என்று உறைத்ததும், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார்.

"திட்டுங்க. அது பெனால்டியே இல்ல," என்றாள்.

"அப்படிச் சொல்லுங்க. எந்த ஏரியா நீங்க? நம்ம பஸ்ல பாத்ததில்லையே?"

"நான் அந்தப் பக்கம்," என்று நீலச் சட்டைகளைக் கைகாட்டினாள்.

கொத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சுட்டீங்களாமே? உன் தம்பி போன் பண்ணினான்," என்றார்.

"ஆமா, ஜெயிச்சோம்," என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.