நான் சுத்தமாக்கிக் கொடுத்த மீன்குடல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்.

போன வருடம் பங்குனி மாதம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள மீன் சந்தையில் நான் மீன் வெட்டுகிறேன். ஒரு காலை ஓர் இளம் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உயிர்மருத்துவ விஞ்ஞானத்தில் முதுமாணிப் படிப்புப் படிக்கிறாராம். இந்தப் பெயரை அவர் எழுதித் தந்த தாளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மீன்குடலில் உள்ள ஒரு புழு, சரியாக வேகாத மீனோடு நம் வயிற்றுக்குள் போனால் வருத்தம் வந்து வயிறு நோகுமாம். அதைப் பற்றி ஒரு பாடத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். முப்பது சூரை மீன்களின் குடல் தனித்தனிப் பைகளில் வேண்டும் என்றார்.

"எடுத்து வைக்கிறன் தங்கச்சி" என்றேன்.

கிண்ணியா ஊரிலிருந்து வந்து பக்கத்து மேசையில் வெட்டுபவரைக் கிண்ணியாக்காரர் என்போம். அவர் அந்தப் பெண்ணைக் கண்டாலே, "மச்சான், புழு டொக்டர் வாறா, மீனை ஒளிச்சு வை" என்பார். "உங்கட மீனைத்தான் முதல்ல பாக்கப் போறன் நானா" என்று அந்தப் பிள்ளையும் விடமாட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

முப்பது பைகளையும் கொடுத்து முடித்தேன். சில நாள் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அண்ணா, ஒரு பையிலயும் புழு இல்லை. அறிக்கை எழுதி முடிச்சிட்டன். வெள்ளிக்கிழமை குடுக்கோணும்."

"அதைப் பெரிசா எழுதிச் சந்தை வாசல்ல ஒட்டுங்கோ பிள்ளை" என்றார் கிண்ணியாக்காரர்.

என் கத்தி அப்படியே நின்றுவிட்டது. குடலின் மேல் சுருண்டிருக்கும் வெள்ளைப் புழுவைக் கண்டால், வாங்க வந்தவர் பார்க்க முன்னம் பெருவிரலால் தட்டிவிடுவது எங்கள் வழக்கம். அவருக்குக் கொடுத்த குடல்களிலும் அப்படித்தான் செய்தேன். படிக்கிற பிள்ளைக்கு ஊத்தையோடு கொடுப்பதா என்று கழுவியும் கொடுத்தேன். கருவியில் வைத்துப் பார்ப்பேன் என்று அவர் சொன்னதால், தேடுவது கண்ணுக்குத் தெரியாத ஏதோ புழு என்று நினைத்திருந்தேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அறிக்கையை நம்பி யாராவது அரைவேக்காட்டில் சாப்பிட்டால்? கிண்ணியாக்காரர் தேநீர் குடிக்கப் போகும்வரை காத்திருந்து, தலையைக் குனிந்தபடி அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

அவர் மீன்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாப் பையிலயுமா அண்ணா?"

"ஓம்."

"கழுவினனீங்களோ?"

"ஓம். ரெண்டு தரம்."

அதற்குச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பிழை என்ர அண்ணா. என்னத்தைத் தேடுறன் எண்டு வடிவாச் சொல்லேல்ல, பக்கத்தில நிண்டு பாக்கவும் இல்லை" என்றார்.

பிறகு கொப்பியை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டார். கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்து இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதன் கீழ் நடந்ததை எழுதி, அன்றைய திகதியையும் போட்டார். "கிழிச்சா ஒளிச்ச மாதிரி" என்றார். என் பெயரை எழுதவில்லை.

மறுநாளிலிருந்து விடிய ஐந்து மணிக்கே வந்தார். என் மேசை மூலையில் கையுறை போட்டுக்கொண்டு, நாற்றத்தைப் பாராமல் ஒவ்வொரு குடலாகத் தானே பிரித்துப் பார்த்தார். சிலவற்றில் புழு இருந்தது. "நல்லா அவிச்சா ஒண்டும் செய்யாது நானா" என்று கிண்ணியாக்காரருக்கும் விளங்கப்படுத்தினார். அதன் பிறகு அவரைப் 'புழு டொக்டர்' என்று யாரும் கூப்பிடவில்லை.

அறிக்கையைப் பிந்திக் கொடுத்ததால் புள்ளி குறைத்தார்களாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் வந்து சொன்னார். ஆனாலும் பாடத்தில் சித்தி பெற்றுத் தேறிவிட்டேன் என்றார்.

இப்போது புழுவைக் கண்டால் நான் தட்டிவிடுவதில்லை. வாங்குபவருக்குக் காட்டி, நன்றாக அவிக்கச் சொல்கிறேன். சிலர் வேறு மேசைக்குப் போகிறார்கள், போகட்டும். விட்ட பிழையை மற்றவர் வாசிக்கும்படி விட்டுவைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, என்னில் பாதி வயதுப் பிள்ளையிடம் கண்டேன். இந்தக் கடிதத்திலும் நாலு இடத்தில் பிழைவிட்டேன். தாளைக் கிழிக்கவில்லை, கோடு போட்டுத்தான் திருத்தியிருக்கிறேன். அவரைப் போலத் திகதியும் போடுகிறேன்.

2024 ஆவணி 18, ஞாயிற்றுக்கிழமை.