மிளகு மண்டி வாசலில் ஒரு விமானம்

கொல்லிமலையில், செம்மேட்டில் பஸ் நிற்கிறது. காரவள்ளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும்போது ஜன்னல் சீட்டுக்காக ஒருவரோடு சண்டை போட்டேன். அந்தக் கடுகடுப்பு இன்னும் தீரவில்லை.

எதிரே மிளகு மண்டி வாசலில், மூட்டை நிறுக்கும் எடை மெஷின்மேல் ஓர் இளம் தம்பதி மகளோடும் பைகளோடும் ஏறி நிற்கிறார்கள்.

“ஏனுங்க, புள்ளைய எதுக்கு நிறுக்கறீங்க?” என்கிறார் பக்கத்தில் மிளகு காயவைக்கும் பெண்மணி.

கணவர் சிறிய விமானம் ஓட்டப் பயிற்சி எடுக்கிறாராம். படிப்பு முடிந்ததும், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஊழியத்துக்காக, ரோடே இல்லாத ஒரு வெளிநாட்டுத் தீவுக்கு மூவரும் போகிறார்கள்.

“கனம் கூடினா ப்ளேன் மேல எந்திரிக்காதுங்க. அதான் இப்பவே பழகறோம்” என்ற கணவர், மகளிடம் திரும்புகிறார். “ஒரு நோயாளிய ஏத்தணும். என்ன பண்ணலாம் கண்ணு?”

ஆறு வயதிருக்கும் அவளுக்கு. யோசிக்கவே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெஷினிலிருந்து இறங்குகிறாள்.

“நானும் அம்மாவும் எறங்கிக்கறோம். நீங்க அவங்கள ஆஸ்பத்திரில விட்டுட்டு வாங்கப்பா.”

எனக்கு ஜன்னல் சீட்டு ஞாபகம் வந்து வெட்கமாக இருக்கிறது.

“அப்பா வர்ற வரைக்கும் தெரியாத ஊர்ல யார்கிட்ட இருப்பே சாமி?” என்கிறார் மிளகுக்காரப் பெண்மணி.

“அங்கேயும் உங்கள மாதிரி யாராச்சும் இருப்பாங்கல்ல?”

அந்தப் பெண்மணி சாக்கில் பரப்பிய மிளகை ஓரமாகத் தள்ளி, அவள் உட்கார இடம் பண்ணுகிறார்.