மயேசோ ஒட்டிய தங்க எலும்புகள்

ஃபனேசி டீச்சர் பயந்தாங்கொள்ளி. இதை எங்கள் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். தவளை குதித்தால் நாற்காலிமேல் ஏறுவார். இடி இடித்தால் பிள்ளைகளைக் கட்டிக்கொள்வார்; யார் யாருக்கு ஆறுதல் என்று சொல்ல முடியாது. வயது நாற்பத்தொன்று. கணவர் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள செங்கல் கொட்டகையில் பாலர் பள்ளி நடத்துகிறார். சம்பளம் கிடையாது. பெற்றோர் கொடுக்கும் மக்காச்சோள மாவில் பிள்ளைகளின் கஞ்சிக்குப் போக மிச்சம் அவருக்கு.

நான் உயர்நிலைப் பள்ளியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். கணக்குப் பாடம் அதற்கு முன்பே என்னை விட்டிருந்தது. இப்போது என் வேலை பள்ளியில் பானை கழுவுவதும் தங்கை ததாலாவுக்குக் காவல் இருப்பதும். ததாலாவுக்கு ஐந்து வயது. தோலில் நிறமில்லாமல் பிறந்தவள். அவளைப் போன்றவர்களின் எலும்பில் தங்கம் இருக்கிறது என்று எவனோ கிளப்பிவிட்டான். அதை நம்பி வாங்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். போன வருடம் மலையடிவாரத்தில் ஒரு பையன் காணாமல் போனான். அதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது ஒரு வாண்டு ததாலாவிடம், “இருட்டுல உன் எலும்பு மின்னுமா?” என்று கேட்டது. டீச்சர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். மறுவாரமே எலும்புப் பாடம் தொடங்கியது.

கோழி எலும்பைத் தொடக்கூட அவருக்குப் பயம். துணியைச் சுற்றித்தான் தூக்கிக் காட்டினார். அப்புறம் காலி சிமெண்டுப் பைகளைக் கிழித்து விரித்தார். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் படுக்க இன்னொருவர் கரியால் சுற்றி வரைய வேண்டும். மக்காச்சோளத் தட்டையை உரித்தால் உள்ளே வெள்ளையாக இருக்குமே, அதுதான் எலும்பு. தொடைக்கு நீளத் துண்டு, விரலுக்குப் பொடித் துண்டு. ஒட்டுவதற்கு மரவள்ளி மாவுப் பசை.

“கறுப்பா இருந்தாலும் சிவப்பா இருந்தாலும் உள்ள ஒரே தட்டைதான்” என்று பாட்டுப்போல் சொல்லிக்கொண்டே இருப்பார்.

முதலில் முடிந்த எலும்புக்கூட்டைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் தொங்கவிட்டேன். டீச்சர் அலறியது தேவாலயம்வரை கேட்டது. வெளியே வந்து மூச்சு வாங்கினார். “ஸியோனே, இதுக்கு விலா எலும்பு குறையுது. போய் ஒட்டிட்டு வந்து மாட்டுடி” என்றார்.

வியாழக்கிழமை ததாலாவைச் சுற்றி வரைந்தவன் மயேசோ. நாலரை வயது, எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். அவன் தாய்மாமன் வைசன் சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவர். தினமும் மத்தியானம் இருவரையும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவிடுவார். நான் பானை கழுவிவிட்டு நடந்து போவேன்.

மற்றப் பைகளில் எல்லாம் வெள்ளைத் தட்டை. ததாலாவின் பையில் மட்டும் சிகரெட் பெட்டியின் தங்கக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து ஒட்டியிருந்தான்.

“ஏன்டா, என் தங்கச்சி என்ன நகைக்கடையா?”

“உள்ள அப்படித்தான் இருக்கும்க்கா. மாமா சொன்னாரு.”

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பிலேயே நிறுத்திவிட்டேன். டீச்சர் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, பசை தடவியபடியே கேட்டார். குரல் மாறவே இல்லை.

“வேற என்ன கண்ணு சொன்னாரு?”

“டவுன்ல இருந்து ஒருத்தர் கார்ல வராராம். பாலத்துகிட்ட நின்னு பாப்பாராம். இன்னைக்கு நான் நடந்துதான் போகணுமாம், சைக்கிள்ல இடம் இல்லையாம்.”

டீச்சர் போனில் காசில்லை. என்னிடம் போனே இல்லை. கஞ்சி காய்ச்சும் நகோலி அம்மாவிடம் டீச்சர் கிசுகிசுத்தார்: “ததாலாவ முதுகுல கட்டிக்க, தலையோட மூடு. பின்பக்கமா ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய் ஊர்க் காவல் குழுவக் கூட்டிட்டு வா. ஓடாத. ஓடினா எல்லாரும் பாப்பாங்க.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. வைசன் வழக்கத்தைவிட முன்னதாக வந்திருந்தார். கேரியரில் புதுச் சாக்கு ஒன்றை மடித்து வைத்திருந்தார்.

“ததாலா எங்க?”

“கக்கூஸ்ல, மாமா” என்றேன். “பச்சை மாங்கா தின்னுட்டு விடாமப் போயிட்டிருக்கா. உங்க சைக்கிள் நாறிடும், கொஞ்சம் பொறுங்க.”

அவர் சூரியனைப் பார்த்தார். டீச்சர் ஒரு பெரிய சிமெண்டுப் பையை அவர் காலடியில் விரித்தார்.

“அதுவரைக்கும் படுங்க வைசன். பிள்ளைங்களுக்குப் பெரிய ஆளோட எலும்பு பாக்கணுமாம்.”

“எனக்கு அவசரம் டீச்சர்.”

“பயமா? நானே படுத்தேன், நானே!”

“மாமாவுக்குப் பயம்! மாமாவுக்குப் பயம்!” என்று பதினெட்டு வாண்டுகளும் கத்தின. அவர் சிரிக்க முயன்றபடி படுத்தார். அவ்வளவுதான், எறும்பு மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள். இரண்டு பேர் காலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கையில் உட்கார்ந்தாள். டீச்சர் வரைந்தார், கரி மூன்று முறை உடைந்தது. வைசனின் சட்டைப் பையில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஊரில் என்னைவிடப் பெரிய குறும்பு கிடையாது என்று நினைத்திருந்தேன். டீச்சர் செய்த காரியத்தைக் கனவில்கூட நான் துணிந்திருக்க மாட்டேன்.

“இது என்ன?”

“தொடை எலும்பு!”

“என்ன நிறம்?”

“வெள்ளை!”

மயேசோ மட்டும் குனிந்து கேட்டான்: “உங்களுக்குள்ள ஏன் மாமா தங்கம் இல்ல? ததாலாவுக்கு மட்டும்தானா?”

வைசன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்த்தார். அடுத்த நொடி வைசன் எழுந்த வேகத்தில் பிள்ளைகள் உருண்டார்கள்.

டீச்சர் வாசலில் போய்க் கையை விரித்து நின்றார். வைசனின் தோள் அளவுக்குக்கூட டீச்சர் வரமாட்டார்.

“நகருங்க.”

“முடியாது.”

கொதிக்கும் கஞ்சிக் கரண்டியோடு நான் டீச்சருக்குப் பின்னால் நின்றேன். கஞ்சி என் காலிலேயே சொட்டியது, அப்போது சுடவில்லை. வைசன் கையை ஓங்கினார். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஆனால் நகரவில்லை.

அதற்குள் வெளியே ஆட்களின் குரல் கேட்டது. காவல் குழுவில் நான்கு பேர். வைசன் தானாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் ஒண்ணும் செய்யல, நான் ஒண்ணும் செய்யல” என்றார். அதுவரை அது உண்மைதான். மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்கவில்லை.

இரண்டு பேர் வைசனைக் கூட்டிப்போனார்கள். பாலத்துக்குப் போன மற்ற இருவர் டயர் தடத்தை மட்டும்தான் பார்த்தார்கள். கார் எங்கே போனது, உள்ளே யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

டீச்சர் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். நகோலி அம்மா முதுகில் ததாலா கரும்பு கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். மற்றப் பிள்ளைகளை அவரவர் வீட்டார் வந்து தூக்கிப்போனார்கள். மயேசோ மட்டும் மாமன் விட்டுப்போன சைக்கிளின் மணியைத் தடவிக்கொண்டு நின்றான்.

“மாமா எப்ப வருவாரு டீச்சர்?”

டீச்சர் அவன் மூக்கைத் தன் இடுப்புத் துணியால் துடைத்துவிட்டார். எங்கள் வீட்டுக்குப் போக அந்தப் பாலம் ஒன்றுதான் வழி. டீச்சர் முன்னால் நடந்தார். நான் ததாலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மயேசோவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, கை வலிக்குது” என்றான்.

நான் விடவில்லை.