மலைக்குப் போன துப்பாக்கி

என் மச்சானைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை. மனைவியின் தம்பி. கல்வராயன் மலைமேல் உரக்கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் இளைஞர் மன்றம் நடத்துகிறான். மலையடிவாரத்து வடக்கனந்தலில் நான் செயலாளராக இருக்கும் மன்றம் அதைவிடப் பழையது. எங்களுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு.

துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு மன்றத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னது. இணைந்தால் ஏர் ரைபிள்கள் கிடைக்கும், பயிற்சியாளரும் வருவார். பிள்ளைகள் போட்டிகளுக்குப் போகலாம். கேட்டு நின்றது நானும் மச்சானும்தான். இருவருக்கும் ஆளுக்கொரு ரைபிள் கொடுத்துப் பழகச் சொன்னார்கள். ஆயுத பூஜை கழிந்ததும் பயிற்சியாளர் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

நான் எங்களுடையதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதோடு வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. கை படும் இடத்தில் மட்டும் கத்தரித்தேன். கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது? ஞாயிறுதோறும் வெளியே எடுத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் சொல்லவைத்தேன். பிசகாமல் சொன்னவருக்கு ஒரு முறை சுட வாய்ப்பு. சுடுபவர் நிற்கும் இடத்தை டேப் பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டதும் நான்தான். இதில் எதுவும் தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று மனைவியோடு மலைக்குப் போனேன். கொட்டகையில் மண்வெட்டி, ஸ்பேனர், தராசு வரிசையில் ரைபிளும் மாலையோடு சாய்ந்திருந்தது. உடம்பெங்கும் சந்தனம், குங்குமம். கண்ணை வைத்துக் குறி பார்க்கும் ஓட்டையே அடைபட்டிருந்தது.

“இன்னா மச்சான், குறி பாக்குற ஓட்டையிலயே பொட்டு வச்சிக்கீறாங்க?”

“அதான மாமா அதுக்குக் கண்ணு. அதுக்குத்தான் மொதல்ல வைக்கணும். உங்க துப்பாக்கிக்கு வச்சீங்களா?”

“அது பீரோல கீது.”

“அப்ப பீரோக்கு வச்சிட்டீங்க!”

என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன். காய்ந்த சந்தனம் சீக்கிரம் போகாது.

அடுத்த வாரம் பயிற்சியாளர் அம்மா முதலில் எங்களிடம் வந்தார். பிள்ளைகள் பாகங்களின் பெயர்களை ஒப்பித்தார்கள். “நல்லா படிச்சிக்கீறாங்க,” என்றார். பிறகு சுடச் சொன்னார். குண்டுகள் சுவரில் பட்டன. குறி அட்டையில் பட்டவை சொற்பம்.

“கன்னத்துல பிளாஸ்டிக் சரசரங்குது மேடம்,” என்றாள் ஒரு பெண்.

வழி காட்டுகிறேன் என்று அவரோடு ஜீப்பில் நானும் மலை ஏறினேன். அவர் மச்சானின் ரைபிளைத் தூக்கி ஓட்டையில் கண் வைத்தார். எதுவும் தெரியவில்லை. என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“யாரு வேல இது?”

ஒரு பெண் முன்னால் வந்தாள். “நாந்தான் மேடம். தோ, எடுத்துர்றேன்.” துடைப்பத்தில் ஒரு குச்சியை உருவி ஓட்டையைக் குடைந்தாள், துப்பட்டாவால் துடைத்தாள், நின்று சுட்டாள். அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அடுத்ததும் அங்கேயேதான்.

“தெனம் சுடுவீங்களா?”

“மழ பெஞ்சா மட்டும் இல்ல மேடம். பூசைக்கு வச்சதால இந்த வாரம்தான் தொடல.”

“பொட்டு வைக்க வேணான்னு சொல்லல. இனிமே தோள்ல சாத்துற கட்டையில வைங்க,” என்றார் அந்த அம்மா. இணைப்பு மலைக்குப் போயிற்று. எங்கள் பிள்ளைகள் அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று சலுகை தந்தார்.

இப்போது ஞாயிறுதோறும் அவர்களை பஸ்ஸில் நான்தான் அழைத்துப் போகிறேன். பிளாஸ்டிக் சரசரக்கிறது என்ற பெண் இப்போது கறுப்பைத் தொடுகிறாள். மச்சான் ஒரு வார்த்தை பெருமை பேசுவதில்லை. “மாமா, டீ சாப்டுங்க,” என்று கிளாஸை நீட்டுகிறான். பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இந்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தான்.

“நீங்க வைங்க மாமா. நீங்கதான் கோணாம வைப்பீங்க.”

ரைபிளின் மரக்கட்டையில் நட்டநடுவில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவன் வந்து கட்டைவிரலைத் தோய்த்து, அதன் பக்கத்தில் கோணலாக இன்னொன்றை அப்பினான். பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள். என் பிள்ளைகளும்தான்.