சில்லில் பிழையில்லையாம்

என்ர சின்னவன் ஜீப் வாங்கி ரெண்டு மாசம். வாங்கின நாள் தொடக்கம் அது வலப்பக்கம் இழுக்குது. இண்டைக்கு நானாட்டானில எதிரே வந்த பஸ்ஸோட முட்டப் பாத்தது. நேரே கராச்சுக்கு விடச் சொன்னன்.

கராச்காரத் தம்பி முன் சில்லுகளை அளந்தார். "அலைன்மென்ற் சரியாய்த்தான் இருக்கு அம்மா."

"அப்ப உம்மட அளவிலதான் பிழை. என்ர பிள்ளை ஓட்டத்தில கெட்டிக்காரன்" எண்டன்.

அவர் சிரிச்சுக்கொண்டு ஓடிக் காட்டினார். ஜீப் கோடு கீறினமாதிரி நேரே போச்சுது. திரும்பி வரேக்க சின்னவன் ஓட்டினான். றோட்டோரம் புல்லுக் கண்ட இடமெல்லாம் ஸ்ரேறிங்கை வலப்பக்கம் வெட்டினான். அவனுக்கே அது தெரியேல்லை.

"அண்ணை, இழுக்கிறது உங்கட கைதான். புல்லில என்ன கிடக்கு?" எண்டு கேட்டார் கராச்காரத் தம்பி.

இப்ப ஒண்டுமில்லை. மிதிவெடி எடுத்து முடிஞ்சு, எச்சரிக்கைப் பலகையும் கழட்டியாச்சு. மீள்குடியேறின வருசம் என்ர மூத்தவன் பஸ்ஸுக்கு வழிவிட உழவு மெசினைப் புல்லில இறக்கினவன். முழுசாய்க் கிடைச்சது மெசின்ர முன் சில்லு மட்டும்.

வீட்டடியில நான் அவன்ர பக்கக் கதவாலதான் இறங்கினன். என்ர பக்கம் புல்லு.

உங்கட வாகனமெல்லாம் நேரே ஓடுதோ, பிள்ளையள்?