இடியாப்பக் கடையில் சர்க்கரையை விட்ட கதை

இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் தூவிக் கொடுப்பது பார்க்கிறவர்களுக்குச் சுலபமான தொழில். பதினாறு வருஷமாக அதைச் செய்கிறவள் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். எதைச் சொன்னாலும் முன்னே பின்னே ஆகிவிடும். இதையும் தப்பாகச் சொல்லி, அதை நம்பி யாராவது நடந்து, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நான்கு நாள் எழுதாமலே இருந்தேன். நீரில் இனிப்பு இறங்குகிற வியாதிக்காரர்களே, ஆசைக்கும் பத்தியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் செய்ததையெல்லாம் செய்துவிடாதீர்கள்.

விரல்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே, வீட்டு வாசலிலேயே என் கடை. ஒருநாள் தேங்காய்த் துருவி கைதவறி வலது கால் கட்டைவிரலில் விழுந்தது. சின்னக் காயம்தான். மஞ்சள் வைத்தேன், எண்ணெய் வைத்தேன். ஒன்றரை மாதமாகியும் ஆறவில்லை. அரசாங்க மருந்தகத்துக்குப் போனேன். அங்கே நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கிற டிரஸர் என் நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சோறு, மரவள்ளிக் கிழங்கு, சர்க்கரை மூன்றும் கூடாது; மீன், முட்டை, கீரை வயிறு நிறையச் சாப்பிடலாம் என்றார்.

"நான் இடியாப்பம் விக்கிறவ ஐயா" என்றேன், ஏதாவது சலுகை கிடைக்குமோ என்று.

"நல்லா வித்துக்குங்கம்மா, திங்காதீங்க. மூணு மாசத்துல இந்த நிறம் மாறலேன்னா அந்த விரலை எடுத்துட வேண்டியதுதான்."

நானாவின் கருப்பட்டி

சோற்றை விட்டேன். மீனும் கீரையும் தின்று நாளைத் தள்ளினேன். காலைக் காப்பியில் இனிப்பு இல்லாததுதான் தாங்கவில்லை. மூலை மளிகைக் கடை நானாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் ஓலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். "வெள்ளைச் சீனிதான் அக்கா விஷம். இது ஊர்லேருந்து கப்பல்ல வந்த கருப்பட்டி. பிள்ளை பெத்தவளுக்கே மருந்தாக் கொடுக்கிறோம்."

மருந்து என்று சொல்லிவிட்டார் இல்லையா? மருந்தைக் குறைத்துச் சாப்பிடலாமா? சீனி ஒரு கரண்டி போட்டவள், கருப்பட்டியில் இரண்டு கட்டி போட்டேன். மாத முடிவில் குழாயில் அதே செங்கல். விரலும் வீங்கியிருந்தது. நேராக நானாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"கருப்பட்டி நல்லதுன்னு சொன்னேன். உங்களுக்கு நல்லதுன்னு சொன்னேனா?"

எந்த மாட்டுப் பால்?

இரண்டாம் மாதம் ஜாக்கிரதையாக இருந்தேன். கருப்பட்டி வாங்கிய பெட்டியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. பால் கொஞ்சம் குடிக்கலாம் என்று டிரஸர் சொல்லியிருந்தார். கிள்ளானில் என் தங்கை வீட்டில் வாங்குவதும் டின் பால்தான், என் வீட்டில் வாங்குவதும் டின் பால்தான். தேன் மாதிரி கெட்டியாக, கரண்டியில் எடுத்தால் விழ யோசிக்கிற பால். அதைக் காப்பியில் விட்டால் சர்க்கரையே வேண்டியிருக்கவில்லை. 'ஆண்டவன் ஒரு வழி காட்டினான்' என்று தங்கையிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

குழாய் மறுபடி சிவந்தது. டிரஸர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து பாலில் நின்றார். எந்த மாட்டுப் பால் என்றார். டின்னில் மாட்டுப் படம் போட்டிருக்கிறதே ஐயா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, அந்த டின்னுக்குள்ள மாட்டைவிடச் சீனிதான் அதிகம்."

கடுகளவு மாத்திரை

இனி என்னை என் புத்திக்கு விடக்கூடாது என்று அவரே சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற சாக்கரின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கையளவு புட்டியில் நூறு மாத்திரை. ஒரு மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கோப்பைக்கு ஒன்று போதுமாம். இத்தனூண்டு மாத்திரை ஒரு கோப்பையை என்ன செய்யும்? ஆறு போட்டேன். முதலில் இனித்தது, பிறகு பழைய சாவியை நக்கினது போல நாக்கு பூராவும் கசந்தது. சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூட அப்படியே கசந்தது.

மறுநாளிலிருந்து ஒன்றுதான் போட்டேன். பழகிவிட்டது. ஆனால் சர்க்கரையே இல்லாமல் எப்படி இனிக்கிறது என்ற பயம் மட்டும் போகவில்லை. புட்டியைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பேன். ஒருநாள் என் வீட்டுக்காரர், செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்க்கிறவர், தெரியாமல் என் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டார். முகம் கோணிப்போயிற்று.

"இதைக் குடிச்சுத்தான் உயிரோட இருக்கணுமாடி?"

பதினேழு

மூன்றாம் மாதமும் சிவப்பு! சோறில்லை, கருப்பட்டியில்லை, டின் பாலில்லை. டிரஸர் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். விரல் நுனி கறுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டே வாரம், பிறகு கத்திதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லி அழுதேன். கேட்டுக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், ரயில்வேயில் கிளார்க். அடுத்த ஈடு வேகட்டும் என்று நின்றுகொண்டிருந்தார். "சர்க்கரை என் நாக்கில பட்டு ஒரு மாசமாச்சு தம்பி, சத்தியம்" என்றேன். சொல்லிக்கொண்டே குலா மலாக்காவைச் சீவினேன். மூங்கில் குழாயில் ஊற்றி இறுகவைத்த பழுப்புச் சர்க்கரை அது. கல் மாதிரி இருக்கும். கத்தியால் சீவித்தான் இடியாப்பத்தில் தூவ வேண்டும். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நான் கூட்ஸ் வண்டியில பெட்டி எண்ணுறவன், கண் தானா எண்ணுது. நான் வந்து நிண்ட நேரத்துக்க, சீவின சர்க்கரையோட உங்கட கை பதினேழு தரம் வாய்க்குப் போச்சுது."

கசந்த இடியாப்பம்

நான் நம்பவில்லை. பிறகு விரலை முகர்ந்து பார்த்தேன். வாயையும் துழாவிப் பார்த்தேன். ஒரு துணுக்கு அப்போதுதான் கரைந்துகொண்டிருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், சர்க்கரை புளித்திருக்கிறதா, தீய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டியிலும் ஒரு சீவல் வாயில் போட்டுப் பார்ப்பேன். பதினாறு வருஷத்தில் பார்ப்பது போய், போடுவது மட்டும் மிஞ்சிவிட்டது. எனக்கே தெரியாமல்!

அன்றே மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கசப்புக் கொய்னா மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் குழைத்து, வலது கை விரல்களில் பூசிக்கொண்டேன். கை வாய்க்குப் போனால் தண்டனை கிடைக்கட்டும் என்று. அந்தக் கையால்தான் சர்க்கரையும் தூவ வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. பட்டறைக்குப் போகிற நாலு பேர் ஒரே நேரத்தில் துப்பினார்கள். அதில் மூத்தவர் தட்டைத் திருப்பி நீட்டினார்.

"அக்கா, எங்க யாருக்கும் காய்ச்சல் இல்லையே!"

கடைசியில் செய்தது

மறுநாள் வீட்டுக்காரரின் பழைய துண்டை நான்காக மடித்து, மூக்குக்குக் கீழிருந்து தாடை வரை இறுக்கிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். பல்வலியா என்று கேட்டார்கள். கணவரோடு சண்டையா என்றும் கேட்டார்கள். துண்டுக்குள்ளிருந்து பதில் சொல்ல முடியாததால் தலையை மட்டும் ஆட்டினேன். கை தன் பாட்டுக்கு மேலே வந்தது. துணியில் முட்டியது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே இறங்கியது. யாழ்ப்பாணத்துத் தம்பி எதிரே நின்று எண்ணிக்கொண்டிருந்தார். முதல் நாள் நாற்பதுக்கு மேல் என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் குழாயைக் காய்ச்சியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் பச்சை. டிரஸர் விரலை அமுக்கிப் பார்த்தார், கறுப்பு ஏறவில்லை. கத்தி வேண்டாம், கட்டு மட்டும் போதும் என்றார். என்ன மருந்து சாப்பிட்டேன் என்று கேட்டார். துண்டு என்றேன். கதை பூராவும் சொன்னேன்.

"அவிழ்க்காதீங்கம்மா. காப்பி குடிக்க மட்டும் அவிழ்த்துக்குங்க."

சர்க்கரைக்குப் பதிலாக எது நல்லது என்று மூன்று மாதம் மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் தேடியவளுக்கு, கடைசியில் ஒத்துக்கொண்டது கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பழைய துண்டுதான்.