மாத்திரை சொன்னதைக் கேட்டது யார்?

"…குடிக்கலேன்னா ஊதித்தான் காட்டேன்யா. மொகம் வீங்கிக்கினு, நாக்கு கொழறிக்கினு வந்து நின்னா நான் என்னான்னு நெனைக்கறது?" என்றார் போர்மேன் கோவிந்தசாமி.

மதுவிலக்குக் காலம். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத யந்திரத்துக்கு நான் ஆபரேட்டர். ஊதினேன். வாடையில்லை. இருந்தும் இறக்கிவிட்டார். "டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் ஏறு."

அவர்மேல் குற்றமில்லை. சித்திரை வெயிலில் நெய்வேலியே வெந்துகொண்டிருக்க, நான் குவார்ட்டர்ஸில் கம்பளி போர்த்திக் கிடந்தேன். "இவரைக் கூப்பிட்டா தபால்லதான் பதில் வருது" என்று என் மனைவி தனம் பிளாக் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் மட்டும் பயம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் எகிறியது; திரும்பத்தான் ஆடி அசைந்து வந்தது. "பாத்தீங்களா, உங்க காலுக்கே அவசரமில்ல" என்றார். தைராய்டு (கழுத்திலுள்ள சுரப்பி) சுரப்பது குறைந்துவிட்டதாம். அது சுரக்கும் ஹார்மோனையே மாத்திரையாக, தினம் ஒன்று.

ஒரு வாரம் விழுங்கியும் குளிர் விடவில்லை. வேலை போய்விடுமோ என்ற கலக்கத்தில், "ரெண்டாப் போட்டுக்கட்டுமாங்க?" என்று போய்க் கேட்டேன்.

"நெஞ்சு தாங்காது. தலைவலி மாத்திரை மாதிரி இல்லீங்க இது. இது வேலை செய்யாது, வேலை செய்யச் சொல்லும்."

"யாருகிட்டங்க சொல்லும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. (புரதங்களின் செய்முறை எல்லாம் பொதிந்த நீள இழை) இருக்கிறது. எந்தச் செய்முறை ஓடணும், எது சும்மா கிடக்கணும் என்பதை ஹார்மோன் மாற்றுகிறது. பிறகு புதுப் புரதம் உருவாகிச் சேர்ந்தால்தான் உடம்பில் சூடு பிறக்கும். "அது சொல்றதை யார் கேட்டுக்கறாங்கன்னுதான் இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."

பல வருஷம் கழித்துப் படித்தேன். கேட்டுக்கொள்வதும் ஒரு புரதமாம்! டி.என்.ஏ. மேலேயே உட்கார்ந்திருக்குமாம். ஹார்மோன் வராதபோது பல ஜீன்களை (ஒவ்வொரு செய்முறையும் ஒரு ஜீன்) அமுக்கிப் பிடித்திருக்குமாம்; ஹார்மோன் வந்து ஒட்டியதும் அதே புரதம் உரு மாறி, அவற்றைத் தட்டி எழுப்புமாம். தடுப்பதும் திறப்பதும் ஒரே ஆள்.

இதே மாத்திரையை விழுங்குகிற நீங்கள் பொறுத்திருங்கள். எனக்கு முதலில் குளிர் விட்டது, பிறகு முகம் வற்றியது, மாசக் கணக்கில் ஆன பிறகுதான் பேச்சு தேறியது. இன்றைக்கு நான் நடக்கிற நடை என்றைக்கோ விழுங்கிய மாத்திரையின் நடை என்று அப்போதிருந்து தெரியும்.

டாக்டரம்மா சரி சொன்னதும் வேலைக்குப் போனேன். கோவிந்தசாமி யந்திரத்தின் கேபினுக்குள் கூடவே ஏறி வந்தார். பக்கத்தில் நின்று, லீவரைப் பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டு ஒழுங்காக விழுந்தது. ஏணியைப் பிடித்து இறங்கிப் போய்விட்டார்.